சாயப்பட்டறை ஆர்.ஓ. ரிஜெக்ட்: எவாபரேட்டருக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

நாளொன்றுக்கு 1000 கனமீட்டர் சாயக்கழிவுநீர் வரும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கழிவுநீரில் கரைந்த மொத்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 6000 மி.கி. சவ்வால் வடிகட்டும் ஆர்.ஓ. (தலைகீழ் சவ்வூடு பரவல்) 90 சதவீதம் மீட்டால் 900 கனமீட்டர் நல்ல நீர் பட்டறைக்குத் திரும்பிவிடும். மீதி 100 கனமீட்டர்தான் ரிஜெக்ட். அதில், உள்ளே வந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் பத்து மடங்கு செறிவில் உட்கார்ந்திருக்கும். அதாவது லிட்டருக்கு 58,000 மி.கி. அளவில், நாளுக்கு 5.5 முதல் 6 டன் வரை. உப்போடு கால்சியம், மக்னீசியம், சிலிக்கா, எளிதில் சிதையாத சாய மிச்சம், ஆர்.ஓ. சவ்வில் படிவு பிடிக்காமல் இருக்க நாமே போட்ட ஆன்டிஸ்கேலன்ட் எல்லாமே பத்து மடங்காகியிருக்கும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சாயநீர் தேங்கி, கீழே உள்ள விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டதன் விளைவு அது. அதன் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத முறை இல்லாமல் இங்கே சாயத்தொழில் நடத்த வழியில்லை. அந்த முறையின் பாரம் முழுவதையும் சுமப்பது இந்த 100 கனமீட்டர்தான். இதை அப்படியே, நீரை ஆவியாக்கும் எவாபரேட்டருக்குள் தள்ளி, அடைத்துக்கொண்டதும் நிறுத்திக் கழுவுவதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கரண்டும் நீராவியும் தின்னும் அந்த இயந்திரம் கடைசியாக வர வேண்டும், முடிந்தவரை சிறியதாகவும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

எந்த உப்பு என்பதைப் பட்டறையிலேயே முடிவு செய்யுங்கள்

ரியாக்டிவ் சாயத்துக்கு ஒரு பட்டறை சாதாரண உப்பும் (சோடியம் குளோரைடு) இன்னொன்று கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) போட்டால், இரண்டும் பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்து கடைசியில் யாருக்கும் உதவாத கலப்பு உப்பாக வெளிவரும். இரண்டில் ஒன்றை உறுப்பினர் பட்டறைகள் எல்லாம் ஒத்துக்கொண்டு பயன்படுத்தினால் மட்டுமே உப்பை மீட்டுத் திரும்ப விற்க முடியும். அமிலத்துக்கும் இதே விதிதான். சல்பேட் வழியில் போகிற நிலையம் பி.எச். குறைக்க சல்பூரிக் அமிலம் போட வேண்டும், குளோரைடு வழியில் போகிறது ஹைட்ரோகுளோரிக் போட வேண்டும். விலை குறைவு என்று மாற்றிப் போடும் ஒவ்வொரு கேனும் மீட்கும் உப்பைக் கலப்படம் செய்கிறது. நிறம் நீக்க ஹைப்போகுளோரைட் ஊற்றினாலும் குளோரைடு ஏறும்.

இரண்டில் சல்பேட்டே நல்லது. அதன் காரணங்கள் கீழே ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும். இனி வரும் கணக்குகள் சல்பேட் வழிக்கானவை.

ரிஜெக்டை முதலில் அளந்து பாருங்கள்

ரிஜெக்டுக்கு ஒரு நாள் அளவைத் தாங்கும் தனித் தொட்டி வேண்டும். ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும் நீரை வைத்துக்கொண்டு ரசாயன அளவு போட முடியாது. தினமும் பி.எச்., கண்டக்டிவிட்டி (மின்கடத்துதிறன்), கால்சியம் கடினத்தன்மை, மொத்தக் கடினத்தன்மை, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) எடுங்கள். வாரம் ஒருமுறை சிலிக்கா, குளோரைடு, சல்பேட், சி.ஓ.டி. (வேதி ஆக்ஸிஜன் தேவை, கரிமப்பொருளின் அளவுகோல்) போதும்.

சி.ஓ.டி.யில் ஒரு பொறி இருக்கிறது. டைக்ரோமேட் முறையில் குளோரைடும் ஆக்ஸிஜன் தேவையாகக் கணக்கில் ஏறிவிடும், ஒரு மி.கி. குளோரைடுக்கு 0.226 மி.கி. வீதம். லிட்டருக்கு 20,000 மி.கி. குளோரைடு உள்ள ரிஜெக்டில், கரிமப்பொருள் சிறிதும் இல்லாவிட்டாலும், சுமார் 4500 என்று காட்டக்கூடும். மெர்குரிக் சல்பேட் போட்டாலும் குளோரைடு 2000 மி.கி.க்கு மேல் போனால் நம்ப முடியாது. குளோரைடு அந்த அளவுக்குக் கீழே வரும்வரை மாதிரியை நீர்த்துவிட்டு, பிறகு சோதியுங்கள். இது தெரியாமல், இல்லாத சி.ஓ.டி.யைத் துரத்தி, கரிமப்பொருளைச் சிதைக்கும் ஃபென்டன் ரசாயனத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

கடினத்தன்மை டைட்ரேஷனில் சாய நிறம் முடிவுப் புள்ளியை மறைக்கும். அங்கேயும் 10 அல்லது 20 மடங்கு நீர்த்துச் செய்யுங்கள்.

கடினத்தன்மையும் சிலிக்காவும்

எவாபரேட்டர் குழாயில் படிவது பெரும்பாலும் இங்கே விட்டுவைத்ததுதான். அதனால் இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரமும் இடமும் கொடுக்க வேண்டும்.

அளவுக் கணக்கு எளிது. கீழே எல்லா அளவும் லிட்டருக்கு மி.கி.; கடினத்தன்மையும் ஆல்கலினிட்டியும் கால்சியம் கார்பனேட்டாகச் சொன்னவை.

100 அளவு மக்னீசியத்தை இறக்க 80 காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) வேண்டும். 100 அளவு கால்சியத்தை இறக்க 106 சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) வேண்டும். ஆனால் ரிஜெக்டில் பைகார்பனேட் இருந்தால் கணக்கு நமக்குச் சாதகமாக மாறும். 100 அளவு பைகார்பனேட் ஆல்கலினிட்டிக்கு 80 காஸ்டிக் கொடுத்தால் அது கார்பனேட்டாகி, 200 அளவு கால்சியத்தைத் தானே இறக்கிவிடும். சோடா ஆஷைக் கூட்டுவதற்கு முன் ஆல்கலினிட்டியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஓர் உதாரணம். 100 கனமீட்டர் ரிஜெக்ட். கால்சியம் 700, மக்னீசியம் 500, ஆல்கலினிட்டி 200. மக்னீசியத்துக்குக் காஸ்டிக் 400, ஆல்கலினிட்டிக்கு 160, பி.எச். 11க்குக் கொண்டுபோக இன்னொரு 40, ஆக மொத்தம் 600. நாளுக்கு 60 கிலோ, அதாவது 48 சதவீதக் காஸ்டிக் கரைசலில் 125 கிலோ. ஆல்கலினிட்டி 400 அளவு கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 300க்குச் சோடா ஆஷ் 318, அதன் மேல் உபரியாக 100. நாளுக்கு சுமார் 42 கிலோ. இறங்கும் சகதி உலர் எடையில் 100 கிலோவை ஒட்டி வரும். ஃபில்டர் பிரஸ்ஸில் பாதி ஈரத்தோடு வரும் கேக் என்றால் 200 கிலோ. அந்தக் கேக் அபாயக் கழிவுக் கணக்கில் சேரும் என்பதால் சுண்ணாம்பைவிடக் காஸ்டிக் நல்லது. சுண்ணாம்பு விலை குறைவு, ஆனால் அதுவே கால்சியத்தைக் கொண்டுவந்து, அதை இறக்க மேலும் சோடா ஆஷ் கேட்டு, சகதியையும் பெருக்கும்.

கணக்கு தொடக்கம் மட்டுமே. உண்மை அளவை ஜார் டெஸ்ட் சொல்லட்டும். ஆறு பீக்கரில் ஒவ்வொரு லிட்டர் ரிஜெக்ட் எடுத்து, கணக்கிட்ட அளவில் 80, 90, 100, 110, 120, 130 சதவீதம் போடுங்கள். ஒரு நிமிடம் வேகமாக, 20 நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை வடிகட்டிக் கடினத்தன்மை பாருங்கள். வடிகட்டாமல் பார்த்தால் மிதக்கும் துகளும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும்.

கணக்குப்படி போட்டும் கால்சியம் இறங்காமல் 200, 300 என்றே நின்றால், முதலில் ஆன்டிஸ்கேலன்ட்டைச் சந்தேகியுங்கள். கார்பனேட் படிகம் வளராமல் தடுப்பதே அதன் வேலை. ஆர்.ஓ.வில் காப்பாற்றியது இங்கே எதிரியாகிறது. இதற்கு இரண்டு வழிகள் பலன் தரும். ஒன்று, தெளியவிடும் தொட்டியான கிளாரிஃபையர் அடியில் இறங்கிய சகதியில் ஒரு பகுதியைக் கலவைத் தொட்டிக்கே திருப்பி விடுவது. பழைய படிகங்கள் மேல் புதியது ஒட்டி வளரும். இன்னொன்று, கொஞ்சம் ஃபெரிக் உப்பு போடுவது. ஆன்டிஸ்கேலன்ட்டில் உள்ள ஃபாஸ்ஃபோனேட் அதில் ஒட்டிக்கொண்டு இறங்கும். இரும்பு உப்பிலும் சல்பேட், குளோரைடு உண்டு என்பதை மறக்காதீர்கள். சல்பேட் வழிக்கு ஃபெரிக் சல்பேட்.

சிலிக்கா தனியாக இறங்காது. மக்னீசியம் ஹைட்ராக்சைடு இறங்கும்போது அதில் ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே பி.எச். 10.8க்குக் கீழே போனால் மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்தே தங்கிவிடும். ஆழ்குழாய் நீர் பயன்படுத்தும் பட்டறைகளில் சிலிக்கா அதிகமாகவும் மக்னீசியம் குறைவாகவும் வருவதுண்டு. அப்போது மக்னீசியம் சல்பேட்டை நாமே சேர்க்க வேண்டும். அளவை ஜார் டெஸ்டிலேயே கண்டுபிடிக்கலாம். வடிகட்டிய நீரில் சிலிக்கா 40க்குள், கடினத்தன்மை 50க்குள் வந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு விடலாம்.

இதற்கு மேல் மெருகேற்ற, அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் வைக்க விரும்பினால், வழக்கமான சாஃப்ட்னர் ரெசின் இங்கே வேலை செய்யாது. சுற்றிலும் சோடியம் நிறைந்திருக்கும்போது அது கால்சியத்தைப் பிடிக்கவே செய்யாது. வலுக்குறைந்த அமில வகை ரெசினோ கீலேட்டிங் ரெசினோதான் வேண்டும். நிறம் நீக்கிய பிறகே அதற்கு நீரை விடுங்கள். சாயம் ஏறிய ரெசின் மீளாது.

நிறம்

ஓசோன் சாயத்தின் நிறத்தை உடைக்கும், சி.ஓ.டி.யை அவ்வளவாகக் குறைக்காது. இரண்டையும் ஒரே இயந்திரத்திடம் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். கடினத்தன்மை நீக்கி, சல்பூரிக் அமிலத்தால் பி.எச்.சை 7 அருகே கொண்டுவந்த பிறகு ஓசோன் கொடுங்கள். அமிலம் போடும்போது மீதிக் கார்பனேட் கரியமில வாயுவாக வெளியேறும், அதற்குக் காற்றோட்டமான தொட்டி தேவை. அடுத்து சவ்வு இருந்தால் மீதி ஓசோனும் குளோரினும் துளிகூட இருக்கக் கூடாது. பாலிஅமைட் சவ்வு ஆக்ஸிஜனேற்றிகளைத் தாங்காது. ஒரு மி.கி. குளோரினுக்கு 3 மி.கி. சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற நடைமுறை அளவை வைத்துக்கொண்டு, ஆக்ஸிஜனேற்றத் திறனை அளக்கும் ஓ.ஆர்.பி. மீட்டரால் கண்காணியுங்கள்.

சவ்வாலேயே இன்னும் சுருக்குங்கள்

கடினத்தன்மையும் சிலிக்காவும் போன ரிஜெக்டை உயர் அழுத்த ஆர்.ஓ.வில் மறுபடி சுருக்கலாம். சல்பேட் வழியின் முதல் லாபம் இங்கே. லிட்டருக்கு 50 கிராம் சோடியம் குளோரைடு கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் 40 பாரை ஒட்டியது. அதே அளவு சோடியம் சல்பேட்டுக்கு அதில் பாதிகூட இல்லை. ஆகவே சல்பேட் ரிஜெக்டை 60, 70 பார் அழுத்தத்தில் லிட்டருக்கு 100 கிராம் வரை கொண்டுபோக முடியும். நமது 100 கனமீட்டர் 58 ஆகச் சுருங்கிவிடும்.

இதன் மதிப்பைக் கணக்கில் பாருங்கள். 5.8 டன் உப்பை 23 சதவீதக் கரைசலாக்கினால் சுமார் 25 டன் வரும். 100 கனமீட்டரை நேராக எவாபரேட்டருக்கு விட்டால் 79 டன் நீரை ஆவியாக்க வேண்டும். 58 கனமீட்டராக்கி விட்டால் 37 டன் போதும். இயந்திர முறையில் நீராவியை அழுத்தும் எம்.வி.ஆர். எவாபரேட்டருக்கு ஒரு டன் ஆவியாக்க 30 யூனிட் என்று வைத்தாலும் நாளுக்கு 1260 யூனிட் மிச்சம். உயர் அழுத்த பம்ப் அதில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நானோ ஃபில்ட்ரேஷனும் இங்கே உதவும். சல்பேட்டையும் சாயத்தையும் அது தடுத்துக்கொண்டு குளோரைடை விட்டுவிடும். சல்பேட் வழியில் குளோரைடு சேர்ந்துகொண்டே போவதை வெளியேற்ற இது ஒரு கதவு. குளோரைடு வழியில் இதன் சவ்வைக் கடந்து வரும் பெர்மியேட்டே நிறமற்ற உப்புக் கரைசல். கடினத்தன்மை பார்த்துவிட்டு நேராகச் சாயத் தொட்டிக்கு அனுப்பலாம். அப்படித் திரும்பும் ஒவ்வொரு கனமீட்டரும் எவாபரேட்டருக்குப் போகாத கனமீட்டர்.

எவாபரேட்டர்

கரைசல் கொதிக்கும் வெப்பநிலை நீரைவிட எவ்வளவு கூடுகிறது என்பதே எம்.வி.ஆரின் எல்லை. நிறைசெறிவான சோடியம் குளோரைடுக்கு இது 8 முதல் 9 டிகிரி, சோடியம் சல்பேட்டுக்கு 3 முதல் 4 டிகிரி. கம்ப்ரஸர் தரும் வெப்ப ஏற்றத்தில் அவ்வளவு வீணாகும். குளோரைடு ரிஜெக்டில் கடைசிச் செறிவாக்கத்தை நீராவி கொண்டு இயங்கும் மல்டிபிள் எஃபெக்ட் எவாபரேட்டரில் முடிப்பது இதனால்தான்.

சோடியம் சல்பேட்டின் கரைதிறன் 32.4 டிகிரி வரை வேகமாக ஏறி, அதற்கு மேல் மெல்லக் குறையும். 100 கிராம் நீரில் 10 டிகிரியில் 9 கிராம், 20 டிகிரியில் 19.5, 32.4 டிகிரியில் 50க்கு அருகில், கொதிநிலையில் 42.5. எவாபரேட்டரில் சூடான குழாய்ச் சுவர்தான் முதலில் நிறைசெறிவைத் தாண்டும், உப்பு அங்கேயே ஒட்டும். ஆகவே கரைசல் மெல்லிய படலமாக வழியும் ஃபாலிங் ஃபிலிம் பகுதியில் 100 கிராம் நீருக்கு 30 கிராமோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போக, பம்பால் வேகமாகச் சுற்றவிடும் ஃபோர்ஸ்டு சர்க்குலேஷன் வேண்டும். அந்த 30 கிராம் கரைசல் 26 டிகிரிக்குக் கீழே ஆறினால் குழாயிலேயே உறைந்துவிடும். மார்கழி இரவில் பம்ப் நின்றால் காலையில் லைன் கல்லாகியிருக்கும். சுடுநீர் ஜாக்கெட் போடுங்கள். நிறுத்தும்போதெல்லாம், ஆவி குளிர்ந்து கிடைக்கும் கண்டன்சேட்டால் லைனைக் கழுவிவிடுங்கள்.

கண்டன்சேட்டின் கண்டக்டிவிட்டி திடீரென ஏறினால் பெரும்பாலும் நுரைதான் காரணம். பட்டறையில் துணியை நனைக்கப் போடும் வெட்டிங் ஏஜென்டும் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரும் இவ்வளவு தூரம் வந்து சேரும். நுரையடக்கி போடலாம், ஆனால் கண்டன்சேட்டை ஆர்.ஓ.வுக்குத் திருப்பும் இடத்தில் சிலிக்கோன் வகை வேண்டாம், சவ்வில் படிந்துவிடும். கண்டக்டிவிட்டியோடு பி.எச்.சும் ஏறினால் அது அம்மோனியா. உள்ளே போகும் கரைசலின் பி.எச்.சை 6.5க்கு இறக்கினால் அடங்கும்.

வெப்பக் கடத்தல் குறைந்தால் கண்ணை மூடிக்கொண்டு அமிலம் ஊற்றாதீர்கள். படிவில் ஒரு துண்டை எடுத்து நீர்த்த அமிலத்தில் போட்டுப் பாருங்கள். பொங்கினால் கார்பனேட், சல்ஃபாமிக் அல்லது நைட்ரிக் அமிலம் போதும். பொங்காமல், காரம் சேர்த்த இ.டி.டி.ஏ. கரைசலில் மெல்லக் கரைந்தால் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்). எதிலும் கரையாமல் கண்ணாடிபோல் இருந்தால் சிலிக்கா. சூடான காஸ்டிக்கில் கொஞ்சம் இளகும், மீதிக்கு உயர் அழுத்த நீர் ஜெட்தான். ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடவே கூடாது. சூடான குளோரைடில் 316 தரமே துளைவிடும். குளோரைடு ரிஜெக்டுக்கு டைட்டானியமோ டூப்ளெக்ஸ் ஸ்டீலோ என்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

குளிர்வித்து உப்பை எடுப்பது

23 சதவீதக் கரைசலைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரில் 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிளாபர் உப்பு படிகமாக இறங்கும். 100 கிலோ நீரும் 30 கிலோ சல்பேட்டும் உள்ள கரைசலிலிருந்து சுமார் 53.6 கிலோ படிகம் கிடைக்கும். அதில் 44 சதவீதமே சல்பேட், மீதி படிக நீர். அதாவது 30 கிலோவில் 23.6 கிலோவை மீட்டுவிட்டோம். மெதுவாகக் குளிர்வித்தால் பெரிய படிகம், சென்ட்ரிஃபியூஜில் சுலபமாக ஈரம் போகும். அவசரப்பட்டால் மாவுபோல் வந்து, இடையில் நிறநீரைப் பிடித்துக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜிலேயே குளிர்ந்த சுத்தமான சல்பேட் கரைசல் தெளித்துக் கழுவினால் வெளுப்பு கூடும்.

சாயக்காரர் அந்த உப்பை நம்ப வேண்டுமே. லிட்டருக்கு 50 கிராம் கரைத்து நிறம், பி.எச்., கடினத்தன்மை, இரும்பு பாருங்கள். உப்பில் ஆல்கலி ஒளிந்திருந்தால் சோடா போடுவதற்கு முன்பே சாயம் துணியில் பிடித்துவிடும், திட்டுத்திட்டாக வரும். கடினத்தன்மை இருந்தால் டர்க்காய்ஸ் போன்ற நிறங்கள் முதலில் காட்டிக்கொடுக்கும். எனவே ஒவ்வொரு பேட்ச்சுக்கும் புது உப்பையும் மீட்ட உப்பையும் வைத்து டர்க்காய்ஸில் லேப் டிப் (சிறு துணித் துண்டில் சாயச் சோதனை) எடுத்து, மூட்டையோடு அனுப்புங்கள். விலை கொடுத்து வாங்க வைப்பது அந்தத் துணித் துண்டுதான். மீட்ட உப்பில் படிக நீர் இருப்பதால், சாயத் தொட்டிக்கு அன்ஹைட்ரஸ் (படிக நீர் இல்லாத உப்பு) 44 கிலோ கேட்கும் இடத்தில் இதை 100 கிலோ போட வேண்டும் என்பதையும் எழுதித் தாருங்கள். 32.4 டிகிரியைத் தாண்டினால் தன் படிக நீரிலேயே உருகிவிடும், தகரக் கூரைக்குக் கீழே வைக்க முடியாது.

தாய்க்கரைசலும் கடைசி மிச்சமும்

படிகம் எடுத்த பின் மிஞ்சும் தாய்க்கரைசல் எவாபரேட்டருக்கே திரும்பும். சுற்றுக்குச் சுற்று அதில் குளோரைடும் கரிமப்பொருளும் ஏறும். நிறம் கறுத்து, படிகம் சிறுத்து, நுரை கூடினால் சுற்று நிரம்பிவிட்டது என்று அர்த்தம். தினமும் 5 முதல் 10 சதவீதத்தை வெளியே எடுத்து மெல்லிய படலமாகக் கிளறி உலர்த்தும் ஏ.டி.எஃப்.டி. உலர்த்திக்கு அனுப்புங்கள். கால்சியம், மக்னீசியம் குளோரைடு மிச்சம் இருந்தால் அது உலராமல் பாகாக வெளிவரும். அப்போது உலர்த்தியைத் திட்டிப் பயனில்லை, கடினத்தன்மை கட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

ரிஜெக்ட் தொட்டியிலும் சகதித் தொட்டியிலும் நீர் நாள்கணக்கில் அசையாமல் நின்றால் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உருவாக்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும். செறிவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே இல்லை என்று தோன்றும். காற்றூதி, வாயு மீட்டர் வைத்துப் பார்த்து, கயிறும் வெளியே ஆளும் இல்லாமல் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கவும் விடாதீர்கள். எந்த உற்பத்தி அவசரத்துக்கும் இதில் விலக்கு கிடையாது.

உலர்த்தியில் வரும் கலப்பு உப்பு, 2016 அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 37.3 என்ற வகையில், ஆவியாக்கல் மிச்சமாக வரும். ஃபில்டர் பிரஸ் சகதி 35.3. பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது. நீரில் கரையும் உப்பு என்பதால் நிலத்தில் புதைப்பதும் எளிதல்ல. அதனால்தான் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. உள்பை போட்ட மூட்டையில் கட்டி, தேதியும் வகை எண்ணும் எழுதி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். தரை நீர் புகாததாக, ஓரத்தில் மேடு கட்டியதாக இருக்கட்டும். கூரை ஒழுகிக் கரைந்து வழிவதைப் பிடிக்க ஒரு குழி வெட்டி, அதிலிருந்து பம்ப் லைனை ரிஜெக்ட் தொட்டிக்கே இழுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், அந்தக் கூரையையும் குழியையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.